தீவில் எட்டு மணி நேரம்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

உல்லாசக் கப்பல் என்றதும் நம்மில் பலருக்குத் திரைப்படப் பாடல் காட்சிதான் நினைவுக்கு வரும். அது செல்வர்களின் பொழுதுபோக்கு. அரசு கலைக் கல்லூரியின் ஆண்டு மலரில் அதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் காலம் மாறி வருகிறது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே இலங்கைக்கு ஓர் உல்லாசக் கப்பல் சேவை தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளை அது தொட்டது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வயதான பெற்றோரை வரவழைத்துக் கப்பலில் ஒரு வாரம் அழைத்துச் செல்வதும் இன்று கேள்விப்படாத செய்தியன்று.

மேலும் இக்கட்டுரை கப்பலைப் பற்றியதன்று. கப்பல் ஒரு தீவில் நிற்கின்ற அந்தச் சில மணி நேரத்தைப் பற்றியது. குறைந்த நேரம், அறியாத ஊர், அளவான பணம் ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வாறு முடிவெடுப்பது? இது பொருளியல் மாணவனுக்கு உரிய வினாவே ஆகும்.

இரு வழிகள்

உல்லாசக் கப்பல் பெரும்பாலும் இரவில் ஓடிக் காலையில் ஒரு தீவை அடையும், மாலையில் புறப்பட்டுவிடும். இடையில் கிடைப்பது எட்டு அல்லது ஒன்பது மணி நேரம். அந்த நேரத்தைச் செலவிட இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் சுற்றுலா. கப்பலில் இதற்கென ஒரு மேசை இருக்கும். அங்கே சீட்டு வாங்கிக்கொண்டால், சட்டையில் ஒட்டிக்கொள்ள எண்ணிட்ட வில்லை ஒன்று கிடைக்கும். கரையில் பேருந்து காத்திருக்கும். வழிகாட்டி கையில் எண் பலகையைத் தூக்கிப் பிடித்து முன்னே நடப்பார். அவர் காட்டுவதைப் பார்த்து, அவர் நிறுத்தும் கடையில் பொருள் வாங்கி, அவர் குறித்த நேரத்தில் திரும்பிவிடலாம்.

இரண்டாவது, தாமே சுற்றிப் பார்ப்பது. கால்நடையாகவோ, உள்ளூர்ப் பேருந்திலோ, வாடகைக் காரிலோ விருப்பம்போல் போய்வரலாம்.

இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது ஒன்றும் உண்டு. உள்ளூர் நிறுவனம் ஒன்றிடமோ வழிகாட்டி ஒருவரிடமோ முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது அது. பார்ப்பதற்கு இது முதல் வழியைப் போலத் தோன்றினாலும், உண்மையில் இரண்டாவது வழியைச் சேர்ந்ததே. ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதல் வழியை ஆதரிப்போர், பாதுகாப்பானது, தொல்லையற்றது என்பர். இரண்டாவதை ஆதரிப்போர், மலிவானது, சுதந்திரமானது என்பர். இரு சாராரும் சொல்வது உண்மையே. ஆயினும் எந்தத் தீவில், யாருக்கு, எது ஏற்றது என்பதை இந்த வாதம் தீர்த்து வைப்பதில்லை. அதற்கு, கப்பல் நிறுவனம் நமக்கு விற்பது என்ன என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

சீட்டின் விலைக்குள் இருப்பவை

கப்பல் விற்கும் சுற்றுலாச் சீட்டுக்குள் மூன்று சரக்குகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று போக்குவரத்து. மற்றொன்று ஊரைப் பற்றிய தகவல். மூன்றாவது காலத்திற்கான உறுதி.

போக்குவரத்தைக் கரையில் இறங்கியும் வாங்கலாம். பெரும்பாலும் குறைந்த விலைக்கே கிடைக்கும். தகவல் என்பது ஒரு காலத்தில் அரிய சரக்காக இருந்தது. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், 1867ஆம் ஆண்டு ‘குவேக்கர் சிட்டி’ என்னும் நீராவிக் கப்பலில் உல்லாசப் பயணம் சென்றார். இத்தகைய பயணங்களின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. அட்லாண்டிக் கடலில் உள்ள அசோர்ஸ் தீவுகளில் கப்பல் நின்றபோது உடன் வந்த ஒருவர், திடநிலம் கண்ட மகிழ்ச்சியில் நண்பர்களுக்கு விருந்து வைத்தாராம். சாப்பாட்டுக் கணக்கு 21,700 ரெய்ஸ் என்று வந்தது. தாம் ஓட்டாண்டியாகிவிட்டதாக நினைத்து அவர் கதிகலங்கிப் போனார். பிறகுதான் தெரிந்தது, ஆயிரம் ரெய்ஸ் சேர்ந்தால்தான் ஒரு டாலர் என்பது. மொத்தக் கணக்கு இருபத்தோரு டாலரும் எழுபது சென்ட்டுமே! 1869இல் வெளிவந்த தம் பயண நூலில் ட்வைன் இதை நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார்.

அன்று நாணய மாற்று விகிதத்தைக்கூட அறியாமல் கரையிறங்கினார்கள். இன்று பேருந்து எண், கட்டணம், கோயில் திறக்கும் நேரம், மழை வருமா என்பது வரை கையிலுள்ள கைப்பேசியே சொல்லிவிடுகிறது. எனவே தகவல் என்ற சரக்கின் விலை பெரிதும் இறங்கிவிட்டது எனலாம். நல்ல வழிகாட்டியின் விளக்கத்திற்கு இன்றும் தனி மதிப்பு உண்டு என்பது வேறு செய்தி.

மீந்திருப்பது மூன்றாவது சரக்கு. கப்பலின் சொந்தச் சுற்றுலாவில் சென்ற பேருந்து வழியில் பழுதாகி நின்றால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். காத்திருக்க இயலாத நிலை வந்தாலும், அப்பயணிகளை அடுத்த துறைக்குக் கொண்டு சேர்ப்பதைப் பெரும்பாலான நிறுவனங்கள் தம் பொறுப்பாக ஏற்கின்றன. தாமே சுற்றப் போனவர் தாமதித்தால் கப்பல் போய்விடும். இந்த ஒரு சரக்கு மட்டும் கரையில் எந்தக் கடையிலும் கிடைக்காது. உள்ளூர் நிறுவனத்திடம் பேசிக்கொண்ட சுற்றுலாவும் இரண்டாவது வழியைச் சேர்ந்ததே என்று மேலே கூறியதற்குக் காரணம் இதுதான். அந்த நிறுவனம் எவ்வளவு நாணயமானதாக இருந்தாலும் கப்பலை நிறுத்தி வைக்க அதனால் இயலாது.

கப்பல் காத்திருக்குமா?

‘சில நிமிடத்திற்காகவா விட்டுவிட்டுப் போவார்கள்?’ என்று நாம் நினைக்கலாம். நம் ஊரில் பேருந்துக்குக் கைகாட்டினால் நடத்துநர் இரங்கி விசில் கொடுப்பார். கப்பலின் நிலை வேறு. துறைமுகத்தில் நிற்கும் நேரத்திற்குக் கட்டணம் உண்டு. கப்பலை வெளியே கொண்டு செல்லும் துறைமுக மாலுமிக்கு நேரம் குறித்திருப்பார்கள். மறுநாள் காலை அடுத்த துறையில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். உள்ளே இரண்டாயிரம், மூவாயிரம் பேர் இருப்பார்கள். ஒருவருக்காக நின்றால் அத்தனை பேரின் நாளும் கெடும்.

2024ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நடந்த நிகழ்ச்சி ஒன்றைச் செய்தித்தாள்களில் சிலர் படித்திருக்கலாம். ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலில் சாவோ தோமே என்னும் தீவில் ஓர் உல்லாசக் கப்பல் நங்கூரமிட்டிருந்தது. பயணிகளில் எட்டுப் பேர் கப்பலின் சுற்றுலாவில் சேராமல், தனியார் ஏற்பாட்டில் தீவைச் சுற்றப் போனார்கள். திரும்பத் தாமதமாகிவிட்டது. அவர்கள் கரைக்கு வந்தபோது கப்பல் கண்ணுக்கெதிரே நின்றுகொண்டுதான் இருந்தது. கடலோரக் காவல் படையின் படகு அவர்களைக் கப்பலருகே கொண்டு சென்றது. ஆயினும் ஏற்றிக்கொள்ளவில்லை. கப்பல் புறப்பட்டுப் போயிற்று. அடுத்து காம்பியாவில் பிடித்துவிடலாம் என்று போனார்கள்; வானிலையும் கடலின் நிலையும் ஒத்துவராமல் கப்பல் அங்கே நிற்கவே இல்லை. இறுதியில் பல நாடுகளைக் கடந்து, செனகல் நாட்டின் டக்கார் துறைமுகத்தில் ஏப்ரல் தொடக்கத்தில்தான் கப்பலைச் சேர்ந்தார்கள். இடைப்பட்ட நாட்களின் அலைச்சலும் செலவும் எளிதில் மறக்கக்கூடியவையல்ல.

இந்நிகழ்ச்சியைச் சொல்வது அச்சமூட்டுவதற்காக அன்று. தாமே சுற்றிப் பார்ப்போரில் மிகப் பெரும்பாலோர் நேரத்தோடு திரும்பிவிடுகின்றனர். ஆனால் நாம் எடுக்கும் முடிவின் அடியில் இருக்கும் பணயம் என்ன என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பணயத்தின் அளவு எல்லாத் தீவுகளிலும் ஒன்றாக இருப்பதில்லை. நான்கு தீவுகளை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

மால்டா: நடந்தால் போதும்

மத்தியதரைக் கடலிலுள்ள மால்டாவின் தலைநகர் வாலெட்டா. 1565இல் நடந்த பெரும் முற்றுகைக்குப் பின், 1566இல் அடிக்கல் நாட்டப்பெற்ற கோட்டை நகரம் அது. நகரம் முழுவதும் ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. கப்பல் மதிலின் அடிவாரத்திலேயே வந்து நிற்கும். அருகில் 58 மீட்டர் உயரத்திற்கு ஏற்றிவிடும் மின்தூக்கி ஒன்று 2012இல் அமைக்கப்பட்டது. அதில் ஏறினால் நேராக ஒரு பூங்காவில் போய் நிற்கலாம். அங்கிருந்து பார்த்தால் துறைமுகம் முழுவதும், நாம் வந்த கப்பல் உட்படத் தெரியும்.

சற்று நடந்தால் புனித யோவான் இணைப் பேராலயம். அதனுள் 1608இல் கரவாஜியோ தீட்டிய மாபெரும் ஓவியம் இருக்கிறது. இவற்றைக் காணப் பேருந்தும் வேண்டாம், எண் பலகையும் வேண்டாம். வழி தவறினாலும் கடலை நோக்கி இறங்கினால் துறைமுகம் வந்துவிடும். இத்தகைய ஊரில் கால உறுதிக்காகப் பணம் கொடுப்பது வீண். இழக்கும் ஆபத்தே இல்லாத பொருளுக்குக் காப்பீடு செய்வதைப் போன்றது அது.

ஆனால் அதே மால்டாவில் ஹைப்போஜியம் என்னும் நிலத்தடிக் கல்லறைக் கோயில் உண்டு. ஐயாயிரம் ஆண்டுப் பழமையுடையது. மனிதரின் மூச்சுக்காற்றால் அது கெடாதிருக்க, நாளொன்றுக்கு 80 பேரை மட்டுமே அனுமதிக்கின்றனர். இதைக் காண விரும்புபவர் புறப்படுவதற்குப் பல வாரம் முன்பே சீட்டுப் பதிந்திருக்க வேண்டும். சுதந்திரமாகச் சுற்றுவது என்றால் முன்னேற்பாடு இல்லாமல் சுற்றுவது என்று பொருளன்று. ஏற்பாட்டை நாமே செய்துகொள்வது என்று பொருள்.

பினாங்கு: மொழியே மூலதனம்

மலேசியாவின் பினாங்குத் தீவில் கப்பல் ஜார்ஜ் டவுன் நகரின் ஓரத்திலேயே வந்து கட்டும். 1786இல் பிரான்சிஸ் லைட் இறங்கிய இடமும் கார்ன்வாலிஸ் கோட்டையும் கூப்பிடு தூரத்தில் உள்ளன. பழைய நகரப் பகுதி 2008இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தமிழருக்கு இங்கே இன்னொரு வசதியும் உண்டு. குட்டி இந்தியா எனப்படும் தெருக்களில் தமிழிலேயே வழி கேட்கலாம். தமிழிலேயே விலை பேசலாம். 1833இல் அமைந்த மாரியம்மன் கோயிலும், 1801இல் இந்திய முஸ்லிம்கள் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் சில நிமிட நடையில் உள்ளன. நம்மவர் கொண்டு சென்ற சோறும் குழம்பும் அங்கே ‘நாசி கண்டார்’ என்ற பெயரில் நாட்டு உணவாகவே ஆகிவிட்டன.

தகவலுக்காக ஆங்கிலப் பயணி ஒருவர் கொடுக்கும் விலையை இங்கே ஒரு தமிழர் கொடுக்க வேண்டியதில்லை. நாம் பள்ளியில் படித்த மொழி அங்கே கையிலிருக்கும் காசாகிறது. ஆனால் பினாங்கு மலைக்குப் போக விரும்பினால் கணக்கு மாறும். மலையடிவாரத்திற்கே நகர நெரிசலில் பல கிலோமீட்டர் போக வேண்டும். அங்கே மலை இரயிலுக்கு வரிசை உண்டு. விடுமுறை நாளில் அது நீளும். ஆகவே ஒரே தீவில்கூட, நகருக்கு ஒரு விடையும் மலைக்கு ஒரு விடையும் வரலாம்.

சாண்டோரினி: ஒற்றை வழி

கிரேக்க நாட்டின் சாண்டோரினித் தீவு, மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் விளிம்பு. வாய்ப்பகுதியில் கடல் புகுந்து நிறைந்திருக்கிறது. கடல் ஆழமானதால் பெரிய கப்பல்கள் நடுவிலே நிற்கும். பயணிகள் சிறு படகுகளில் கரைக்கு வருவர். கரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் செங்குத்தான பாறை. அதன் உச்சியில் ஃபிரா நகரம்.

மேலே போக மூன்று வழிகள்தாம். ஐந்நூற்று எண்பதுக்கும் மேற்பட்ட படிகளில் நடக்கலாம். அதே படிகளில் கழுதை மீதோ கோவேறு கழுதை மீதோ போகலாம். பாரம் 100 கிலோவைத் தாண்டக்கூடாது என்று 2018இல் கிரேக்க அரசு விதித்தது. மூன்றாவது, பழனியில் உள்ளது போன்ற ரோப் கார். ஒரு முறைக்கு ஆறு பெட்டிகள், பெட்டிக்கு ஆறு பேர், ஆக 36 பேர் போகலாம். 3,000 பேர் இறங்கும் ஒரு கப்பலுக்கு 84 முறை ஓட வேண்டும். அதே நாளில் மூன்று கப்பல்கள் நின்றால்? மாலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கீழே இறங்க நிற்பார்கள். அந்த வரிசையின் நீளத்தை நாமே கற்பனை செய்துகொள்ளலாம்.

கப்பல் நிறுவனங்களின் சுற்றுலாக்கள் பொதுவாக வேறு துறையில் பயணிகளை இறக்கிப் பேருந்தில் மேலே கொண்டு சென்றுவிடும். காலை நெரிசல் அவர்களுக்கு இல்லை. மாலையில் அவர்களும் பெரும்பாலும் ரோப் கார் வரிசையில்தான் நிற்க வேண்டும். ஆயினும் அவர்களுக்காகக் கப்பல் காத்திருக்கும், மற்றவர்களுக்காகக் காத்திராது. ஃபிராவிலிருந்து 11 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓயாவுக்கோ, 1967 முதல் அகழாய்வு நடந்துவரும் அக்ரோத்திரிக்கோ போக விரும்பும் முதியவர்களுக்கு இங்கே சீட்டு விலை வீண் செலவாகாது. நல்ல கால் வலிமையுள்ள மாணவருக்கோ படிகள் இருக்கின்றன. ரோப் கார் வரிசையைப் பார்த்துவிட்டு அவர் நடந்தே இறங்கிவிடலாம். திரும்பி வர இரண்டாவது வழி உள்ளவருக்குத் தீவு வேறு. ஒரே வழி உள்ளவருக்குத் தீவு வேறு.

கொமோடோ: தேர்வே இல்லை

இந்தோனேசியாவின் கொமோடோ தேசியப் பூங்கா 1980இல் அமைக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய பல்லியினமான கொமோடோ டிராகன் அங்கே வாழ்கிறது. காட்டுக் காவலர் உடன் வராமல் அங்கே நடக்க இயலாது. மனிதரைக் கடிக்கக்கூடிய பிராணி என்பது ஒரு காரணம். மனிதரிடமிருந்து அந்தப் பிராணியையும் அதன் காட்டையும் காக்க வேண்டும் என்பது மற்றொரு காரணம். இங்கே சுதந்திரம் பேசுவதில் பொருளில்லை. சில இடங்கள் கூட்டிச் செல்பவரோடு மட்டுமே காணத்தக்கவை.

பின்னோக்கிக் கணக்கிடுதல்

நான்கு தீவுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். போகும் வழி எவ்வளவு தூரம் என்பதைவிட, திரும்பும் வழியில் எத்தனை கண்ணிகள் உள்ளன, அவற்றுள் எத்தனை நம் கையில் உள்ளன என்பதே முக்கியம். வாலெட்டாவில் ஒரே கண்ணி. அது நம் கால். சாண்டோரினியில் பேருந்து, ரோப் கார், சிறு படகு என்று மூன்று கண்ணிகள். மூன்றும் பிறர் கையில்.

ஆகவே நாளைக் காலையிலிருந்து கணக்கிடாமல் மாலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற வேண்டிய கடைசி நேரம் 4.30. ஒன்றரை மணி நேரம் கையிருப்பாக ஒதுக்கினால் 3 மணிக்குத் துறைமுகத்தில் இருக்க வேண்டும். காலையில் சோதனைகள் முடிந்து வெளியே வர 9 ஆகிவிடும். மீதி ஆறு மணி நேரம். பார்க்க விரும்பும் இடம் ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்தால் போகவர இரண்டு போய் நான்கு. உணவுக்கும் ஓய்வுக்கும் ஒன்று போனால் மூன்று. ‘நாள் முழுதும்’ என்று நினைத்தது மூன்று மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. இந்த மூன்று மணி நேரம் போதுமானால் தாமே போகலாம். போதாதென்றால் ஊரைக் குறைக்க வேண்டும், கையிருப்பைக் குறைக்கக்கூடாது.

பணக் கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. கப்பல் சுற்றுலாவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று விலை. வாடகைக் காருக்கு வண்டிக்கு இவ்வளவு என்று விலை. தலைக்கு 60 டாலர், வண்டிக்கு 120 டாலர் என்று எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டால், ஒருவர் தனியே போனால் கப்பல் சுற்றுலா பாதி விலை. இருவர் என்றால் சமம். நால்வர் என்றால் 240க்கு 120. எது மலிவு என்ற கேள்விக்கு எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்காமல் விடை கூற முடியாது.

தாமே போவோர் நினைவிற்கொள்ள வேண்டியவை சில:

1. கப்பலின் கடிகாரமும் தீவின் கடிகாரமும் வேறுபடலாம். கப்பல் நேரத்தையே பின்பற்ற வேண்டும்.

2. தூரமானதை முதலில் பார்த்துவிட்டு, துறைமுகத்துக்கு அருகில் இருப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

3. துறைமுக முகவரின் தொலைபேசி எண் கப்பலில் தரும் அன்றாட நிகழ்ச்சித் தாளில் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

4. அடையாளச் சான்றின் நகலும், ஒருநாள் மருந்தும், வண்டிக் கூலிக்கு மேல் சிறிது பணமும் கையில் இருக்க வேண்டும்.

5. வாடகைக் காரில் ஏறுமுன் தொகை எவ்வளவு, எத்தனை மணி நேரம், திரும்பக் கொண்டுவந்து விடுவதும் அதில் சேருமா என்பவற்றைப் பேசி முடித்துவிட வேண்டும்.

தீவில் வாழ்பவர்கள்

இதுவரை பயணியின் பக்கத்திலிருந்தே பார்த்தோம். தீவில் வாழ்பவர்களுக்கும் இத்தேர்வில் பங்கு உண்டு. கப்பலில் உணவுக்கு முன்னரே பணம் கட்டிவிட்டவர் பகல் உணவுக்குக் கப்பலுக்கே திரும்பிவிட்டால், ஊருக்குக் கிடைப்பது கூட்டம் மட்டுமே. தாமே சுற்றுபவரின் காசு தேநீர்க் கடைக்கும், பேருந்துக்கும், தெருவோர வியாபாரிக்கும் நேராகப் போகிறது. மறுபுறம், கப்பல் சுற்றுலாவின் பேருந்தை ஓட்டுபவரும் வழிகாட்டியும் பெரும்பாலும் அவ்வூர்க்காரர்களே என்பதை மறக்கலாகாது. மேலும் தாமே சுற்றுவோர் நூற்றுக்கணக்கில் உள்ளூர்ப் பேருந்தில் ஏறிக்கொண்டால், வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் இடம் எங்கே? ஏறத்தாழ 15,000 பேர் வாழும் சாண்டோரினியில், கப்பல் பயணிகள் நாளொன்றுக்கு 8,000 பேருக்கு மேற்படலாகாது என்று வரம்பு வகுக்க வேண்டியதாயிற்று. 2025ஆம் ஆண்டு முதல் கோடைப் பருவத்தில் அங்கே இறங்கும் கப்பல் பயணிக்குத் தலைக்கு 20 யூரோ வரியும் விதிக்கப்பட்டது. எவ்வழியில் சென்றாலும் நாம் ஒருவர் வீட்டு முற்றத்தில் நடக்கிறோம் என்ற நினைவு வேண்டும்.

நமக்கு அருகில்

நமக்கு மிக அருகிலுள்ள எடுத்துக்காட்டுக்கு வருவோம். காங்கேசன்துறையில் இறங்கும் ஒருவருக்குக் கீரிமலைத் தீர்த்தம் அருகிலேயே உள்ளது. யாழ்ப்பாண நகரம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். நல்லூர்க் கந்தசாமி கோயிலுக்குப் பேருந்துச் சுற்றுலா நிச்சயம் அழைத்துச் செல்லும். ஆனால் 1981இல் எரியூட்டப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் முன் பேருந்து எவ்வளவு நேரம் நிற்கும்? படம் எடுக்கும் நேரம் நிற்கலாம். உள்ளே போய்ப் படிப்பறையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருக்க விரும்பும் மாணவருக்கு அது போதாது. நாற்பது பேருக்கும் பொதுவானதைத்தான் பேருந்து காட்ட முடியும். ஒருவருக்கு மட்டுமே உரிய விருப்பத்தைக் காட்ட அதனால் இயலாது. அது வழிகாட்டியின் குற்றமன்று, கூட்டத்தின் இயல்பு.

அதே காங்கேசன்துறையில், முழங்கால் வலியுள்ள தாயார் தம் வாழ்நாளில் ஒருமுறை நல்லூர் முருகனைக் காண வந்திருக்கிறார் என்றால், பேருந்துச் சீட்டே சிறந்தது. அவர் வேண்டுவது தரிசனமும் பதற்றமில்லாத திரும்புதலும். இரண்டும் அதில் கிடைக்கும். அவருடன் வந்த மகள் நூலகத்திற்குப் போகட்டும். ஒரே குடும்பம் ஒரே வழியில்தான் போக வேண்டும் என்று எந்தக் கப்பலும் சொல்வதில்லை.

முடிவாக, கூட்டத்தோடு போவது கோழைத்தனமுமன்று. தனியே போவது வீரமுமன்று. முதல் வழியில் நாம் பணத்தைக் கொடுத்துக் காலத்தின் உறுதியை வாங்குகிறோம். இரண்டாவது வழியில் அந்த உறுதியைக் கொடுத்து நம் விருப்பத்தை வாங்குகிறோம். வாங்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். திரும்பும் வழி எத்தனை பேர் கையில் இருக்கிறது? நான் காண விரும்புவது எல்லாரும் காண்பதா, நான் மட்டும் தேடுவதா? நம் துறைகள் ஆண்டுதோறும் நடத்தும் கல்விச் சுற்றுலாக்களுக்கும் இக்கேள்விகள் பொருந்தும். வழக்கமான நான்கு இடங்களுக்குப் பின், ஐந்தாவது இடத்தில் மாணவரைத் தாமே சுற்ற இரண்டு மணி நேரம் விட்டுப் பார்க்கலாம் என்பது பேராசிரியப் பெருமக்களின் கவனத்திற்கு இக்கட்டுரை வைக்கும் பணிவான வேண்டுகோள்.